கல்சாவடியின் வலது மூலை

அத்தியாயம் 7

“கூரைக்குள்ள கல் இல்லையே சார்” என்றாள் வேலுத்தாய்.

குப்பண்ணன் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

“என்னங்க அம்மிணி?”

“ஓலைக்கு அடியில கல் தெரியணும்ல. தெரியலையே.”

மேஜை மேல் இரண்டு படங்கள் கிடந்தன. இரண்டும் பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளிக்குக் கிழக்கே வயல்களுக்கு நடுவில் நிற்கும் கல்சாவடியைக் காட்டின. வழிப்போக்கர் தங்குவதற்காக ராஜா காலத்தில் கட்டியது. பன்னிரண்டு தூண்கள். நீண்ட கருங்கல் சுவர். இரண்டு படங்களும் ஒரே தாமிரத் தகட்டிலிருந்து எடுத்தவை. தகட்டில் ஊசியால் கீறி, கீறலை அமிலத்தில் அரிக்கவிட்டு, மை தடவிக் காகிதத்தில் அழுத்தி எடுக்கும் எச்சிங் படங்கள். இரண்டின் அடியிலும் ‘க.பா. 1967’ என்று இருந்தது.

வித்தியாசம் ஒன்றுதான். முதல் படத்தின் வலது மூலையில் வெறும் சுவர். இரண்டாவதில் அதே இடத்தில் சுவரை ஒட்டி ஒரு ஓலைக் குடிசை.

முதல் படம் நிலத்துக்காரர் பொங்கியண்ணனுடையது. இரண்டாவது, அந்தக் குடிசையில் வாழ்ந்ததாகச் சொல்லும் மருதாத்தாளுடையது. குடிசை இப்போது இல்லை. 1971இல் பொங்கியண்ணன் அங்கே நெல் அடிக்கும் களம் போட்டுவிட்டார். அதற்கு முன் வருஷக்கணக்காகக் குடிசை இருந்தது என்று நிரூபித்தால், பிறர் நிலத்தில் குடிசை போட்டு வாழ்ந்தவருக்கு மனை தரும் குடிகிடப்புச் சட்டப்படி மருதாத்தாளுக்குப் பத்து சென்ட் நிலம். நிரூபிக்காவிட்டால் ஒன்றுமில்லை. பொங்கியண்ணனுக்கு எதிராக ஊரில் யாரும் வாய் திறக்கவில்லை. படங்கள்தான் சாட்சி.

எது அசல் என்று சொல்ல 1972இல் குப்பண்ணனை அழைத்தார்கள். கையெழுத்து, முத்திரை, பத்திரம் எதில் பொய் இருந்தாலும் கண்டுபிடிப்பவர் என்று பாலக்காட்டில் அவருக்குப் பெயர். ஆறு பக்கம் எழுதினார். குடிசை பிற்பாடு தகட்டில் சேர்க்கப்பட்டது என்றார். மருதாத்தாள் தோற்றாள்.

இது 1974. வெள்ளிக்கிழமை மருதாத்தாளின் அப்பீல். இன்று செவ்வாய். அதற்காக அந்த ஆறு பக்கத்தை குப்பண்ணனின் டைப்பிஸ்ட் வேலுத்தாய் மறுபடி டைப் அடித்துக்கொண்டிருந்தாள்.

“நான் ‘க’ அடிச்சிட்டேன் சார். தப்பு. அதுமேலேயே ‘ப’ அடிக்கிறேன். என்ன ஆகும்?”

“ரெண்டும் தெரியுமுங்க.”

“தெரியும்ல. உங்க அறிக்கைப்படி முதல்ல கல் சுவரு. அப்புறம் அதுமேல ஓலை. அப்போ ஓலை நடுவுல கல்லுக்கோடு ஓடணும். ஒண்ணுகூட ஓடலை. கூரை துடைச்சு வச்ச மாதிரி இருக்கு.”

குப்பண்ணன் பூதக்கண்ணாடியை எடுத்தார். ஓலைக் கோடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு முதல் படத்தின் வலது மூலையைப் பார்த்தார். கல் வரிசை அங்கே ஒரு மயிரிழை கீழே இறங்கியிருந்தது. கோடுகள் மெலிந்திருந்தன. மற்ற சுவர் ஒரு நாளில் போட்டது. இந்த மூலை வேறொரு நாளில் போட்டது.

குடிசையை யாரும் சேர்க்கவில்லை. அழித்திருந்தார்கள்.

“தகட்டுல இடம்னா காகிதத்துல வலம்னு சொல்வீங்களே” என்றாள் வேலுத்தாய். “அதுல ஏதும் குழப்பம் இருக்குமா?”

“இல்லீங்க. ரெண்டு படமும் ஒரே பக்கந்தானுங்க திரும்பியிருக்குது.”

“அப்போ தப்பான பக்கம் திரும்பினது நீங்க மட்டும்தான்.”

குப்பண்ணன் இரண்டு படங்களையும் அருகருகே தள்ளி வைத்தார்.

“க.பா. யாரு சார்?”

“கருத்தப்பாண்டி. இங்க டிராயிங் மாஸ்டரா இருந்தாரு. செத்துப்போயிட்டாருன்னு மாமன் சொன்னாருங்க.”

“எந்த மாமன்?”

“பொங்கியண்ணன்.”

வேலுத்தாய் டைப்ரைட்டரிலிருந்து கையை எடுத்தாள். “உங்களுக்கு மாமனா? அறிக்கையில இல்லையே.”

“தூரத்துச் சொந்தமுங்க. யாரும் கேக்கலீங்க.”

“செத்தவரை நீங்க தேடிப் பாத்தீங்களா?”

“இல்லீங்க.”

அறிக்கை அழகாக வந்திருந்தது. தேட வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. 

வேலுத்தாய் மூணாறுக்கு மேலே மாட்டுப்பட்டிப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்தவள். கருத்தப்பாண்டி என்ற பெயர் தங்கள் மலையில்தான் அதிகம் என்றாள். போஸ்டாபீஸுக்குப் போய் சாந்தன்பாறைக்கு ஒரு டிரங்க்கால் போட்டாள். அவள் அத்தை மகன் அங்கே ஏலக்காய் ஸ்டோரில் வேலை பார்த்தான். அரை மணியில் திரும்பி வந்தாள்.

“செத்தவர் சாந்தன்பாறையில ஏலக்காய் மூட்டைக்கு மார்க் எழுதுறாராம் சார். நேத்துக்கூட நாற்பது மூட்டை எழுதினாராம். உயிரோட இருக்கிறவங்களே அவ்வளவு வேலை செய்யறதில்ல.”

*

புதன்கிழமை விடியலில் குப்பண்ணனின் ஜீப் சாந்தன்பாறைக்குக் கிளம்பியது. குப்பண்ணனுக்கு இடது கால் ஒரு அங்குலம் குட்டை. பொள்ளாச்சியில் ஒரே ஆளிடம் வருஷக்கணக்காக ஒரே மாதிரி செருப்பு தைத்து வாங்குவார். வலதுக்கு ஒற்றை அடித்தோல். இடதுக்கு இரட்டை அடித்தோல். அந்தக் காலைத் தூக்கி கிளட்ச் மேல் வைத்தார்.

“அண்ணனும் தம்பியும் ஏறியாச்சா?” என்றாள் வேலுத்தாய். அந்த இரண்டு செருப்புகளைப் பற்றி தினமும் கேட்கும் கேள்விதான்.

“ஏறியாச்சுங்க.”

உடுமலைப்பேட்டை தாண்டியதும் அவள் பையிலிருந்து அறிக்கையை எடுத்தாள். மறையூர் ஏற்றத்தில் சத்தமாகப் படித்தாள்.

“‘வலது மூலையில் சுவர் வெறுமையாக விடப்பட்டிருப்பதே இந்தப் படத்தின் உயிர். தூண்களின் நெரிசலில் களைத்த கண் அங்கே வந்து இளைப்பாறுகிறது. இந்த வெறுமை கலைஞன் ஆழ்ந்து யோசித்துச் செய்தது.’”

“போதுங்க.”

“‘குடிசையுள்ள படத்தில் இந்த அமைதி கெட்டுவிட்டது. ஓலைக் கோடுகள் அவசரமானவை. காகிதம் மட்டமானது. குடிசைச் சுவரின் அடியில் இரட்டை இரட்டையாகச் சில பொருளற்ற கீறல்கள். ஒரு இரட்டையில் ஒன்று தடித்தும் மற்றது மெலிந்தும் இருப்பது இது கைப்பழக்கமில்லாதவன் வேலை என்பதைக் காட்டுகிறது.’”

“போதுங்க அம்மிணி.”

“நல்லாத்தான் எழுதியிருக்கீங்க சார். மட்டமா எழுதியிருந்தா அந்தம்மா ஜெயிச்சிருக்கும்.”

மூணாறு தாண்டியது. பூப்பாறையில் மழை பிடித்தது.

அவர் மனதில் ஒரு கணக்கு இருந்தது. பொங்கியண்ணன் மிரட்டியோ கெஞ்சியோ ஓவியரைக் குடிசையை அழிக்க வைத்திருக்கிறார். அப்படியானால் தானும் ஏமாற்றப்பட்டவன். ஏமாந்தவன் தலை குனிய வேண்டியதில்லை. அந்த நினைப்பு அவருக்கு வேண்டியிருந்தது.

*

ஏலக்காய் ஸ்டோருக்குப் பின்னால் தகரக் கூரை வீடு. வாசலில் செருப்புகளைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள். கருத்தப்பாண்டிக்கு அறுபது வயது இருக்கும். விரல்களில் மூட்டைக்கு எழுதும் கறுப்பு மை. அவருடைய தங்கை சாந்தம்மாள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

“பாலக்காட்டுல இருந்து வாறோம்” என்றாள் வேலுத்தாய். “நீங்க செத்துப்போனதா பொங்கியண்ணன் சொன்னாரு.”

“அவரா? நல்ல மனுசன். பொங்கலுக்குக்கூட லெட்டர் போட்டாரே.”

வேலுத்தாய் குப்பண்ணனைப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்தார்.

“கல்சாவடி படத்தைப் பத்திக் கேக்க வந்தனுங்க” என்றார் குப்பண்ணன். “வலது மூலையில ஒரு குடிசை.”

“குடிசையா? அங்க குடிசை கிடையாது.”

“தகடு இருக்குதுங்களா?”

“பழைய சாமான்காரன்கிட்ட போட்டாச்சு. போன வருசமே.”

பதில்கள் வேகமாக வந்தன. கேள்வியை எதிர்பார்த்து வெகுநாள் உட்கார்ந்திருந்தவரின் பதில்கள்.

வேலுத்தாய் சாந்தம்மாளிடம் திரும்பினாள். “குடிக்கக் கொஞ்சம் தண்ணி தாறீகளா அக்கா?”

சாந்தம்மாள் எழுந்து பானை மூடியைத் தூக்கினாள். வேலுத்தாய் அதை உதவியாகக் கையில் வாங்கிக்கொண்டாள்.

“பானை உருண்டை. மூடி சதுரமா இருக்கே அக்கா.”

“அண்ணன் தகடு அது. நல்ல கனம். எலி தள்ள முடியாது.”

வேலுத்தாய் தகட்டின் ஈரத்தை முந்தானையில் துடைத்தாள். கல்சாவடி இடம் வலம் மாறிக் கிடந்தது. மூலையில் வெறும் சுவர். தகட்டைத் திருப்பிப் பின்புறத்தைப் பார்த்தாள். குப்பண்ணனிடம் நீட்டினாள்.

“இதைப் படிங்க சார். இதுல எழுத்து இல்ல.”

தகட்டின் பின்புறம் வழவழப்பாக இருந்தது, வலது மூலையைத் தவிர. அங்கே சின்னச் சின்னச் சுத்தியல் தழும்புகள். நூறுக்கு மேல் இருக்கும். நெருக்கமாக, ஒழுங்காக. குப்பண்ணன் அவற்றின் மேல் விரலை ஓட்டினார். ஒரு சரிவு. மறு சரிவு. நேராக இறங்கும் இரண்டு ஓரங்கள். கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் அது ஒரு குடிசை.

“முன்பக்கம் சுரண்டினா தகடு பள்ளமாயிரும்” என்றார் கருத்தப்பாண்டி. குரல் இறங்கியிருந்தது. “பள்ளத்துல மை தேங்கும். பின்னாலிருந்து தட்டித் தட்டி மேல கொண்டுவரணும். அப்பதான் புதுசா கோடு போட முடியும்.”

“பொங்கியண்ணன் சுரண்டச் சொன்னாருங்களா?”

வழியெல்லாம் குப்பண்ணன் மனதில் வைத்திருந்த கேள்வி.

“இல்ல. யாரும் சொல்லல.”

சாந்தம்மாள் மொண்ட தண்ணீரோடு திரும்பி அண்ணனைப் பார்த்தாள்.

“பதினோரு நாள் அங்க உக்காந்து வரைஞ்சேன். பதினோரு நாளும் அந்தம்மாதான் கஞ்சி குடுத்தது. முதல் பிரதியை அதுகிட்டயே குடுத்தேன். கையில நல்ல காகிதம்கூட இல்ல. அப்புறம் தகட்டை வச்சுப் பார்த்துக்கிட்டே இருந்தேன். முன்னூறு வருசத்துச் சாவடி. பக்கத்துல ஓலைக் குடிசை. கண்ணை உறுத்துச்சு. படம் நல்லா அமையணும்னு சுரண்டிட்டேன். வேற ஒண்ணுமில்ல. பொங்கியண்ணன் ஒரு பிரதி கேட்டாரு. அழிச்ச தகட்டுல எடுத்துக் குடுத்தேன்.”

“அந்தம்மா கேஸ் தோத்தது தெரியுமா?” என்றாள் வேலுத்தாய்.

“தெரியும்.”

“அப்போ ஒரு கார்டு போட்டிருக்கலாம்ல?”

அவர் எழுந்து டிரங்குப் பெட்டியைத் திறந்தார். வேட்டிக்கு அடியிலிருந்து ஒரு துணிப்பொட்டலத்தை எடுத்தார். உள்ளே ஆறு தாள்கள். கார்பன் பிரதி. வேலுத்தாயின் டைப்ரைட்டரில் எப்போதும் சற்று மேலே ஏறி நிற்கும் ‘ர’ அதில் வரிக்கு வரி நின்றது.

“பொங்கியண்ணன் அனுப்பிவச்சாரு. முப்பது வருசம் படம் போட்டேன். யாரும் ஒரு வரி எழுதினதில்ல. இந்தாளு ஆறு பக்கம் எழுதியிருக்காரு.” தாளைப் பார்க்காமல் சொன்னார். “‘தூண்களின் நெரிசலில் களைத்த கண் அங்கே வந்து இளைப்பாறுகிறது.’ அதுக்குத்தான சுரண்டினேன். அது ஒருத்தருக்குத் தெரிஞ்சிருக்கே. நான் போயி அங்க குடிசை இருந்துச்சுன்னு சொன்னா இந்த ஆறு பக்கமும் பொய்யாயிரும்.”

மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. வேலுத்தாய் தாளில் ஏறி நின்ற ‘ர’வைப் பார்த்தாள். 

“இதை எழுதினவரைப் பாத்திருக்கீங்களா?” என்றாள்.

“இல்ல. பெரிய படிப்பாளியா இருக்கணும்.”

“நாந்தானுங்க” என்றார் குப்பண்ணன்.

கருத்தப்பாண்டி தாள்களை மார்போடு பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். உட்காருங்கள் என்று குப்பண்ணன் சொன்னார். அவர் உட்காரவில்லை.

“எல்லாம் சரியா எழுதியிருக்கீங்க சார். ஒரே ஒரு இடம். பொருளற்ற கீறல்னு போட்டிருக்கீங்க. கைப்பழக்கமில்லாதவன்னு. அது மட்டும் மனசுக்குக் கஷ்டமா இருந்துச்சு.”

“அது என்னங்க?”

“செருப்பு சார்.”

“செருப்பா?”

“நான் வரைஞ்ச நாள்ல அங்க சித்திரைத் திருவிழா. சாவடியில மாரியம்மனை இறக்கி வச்சிருந்தாங்க. செருப்போட உள்ள ஏற மாட்டாங்கள்ல. அவ்வளவு பேரும் அந்தம்மா வீட்டுச் சுவரோரமாத்தான் விட்டுட்டுப் போனாங்க. அந்தம்மா காவலுக்கு உக்காந்திருந்தது. கிடந்ததைக் கிடந்தபடி போட்டேன். அந்த ஒரு ஜோடிகூட நான் தப்பா போடல. ஒண்ணு தடியாத்தான் இருந்துச்சு. யாரோ பாவம் கால் குட்டை போலன்னு...”

அவர் நிறுத்தினார். கண் வாசலுக்குப் போயிருந்தது. அங்கே குப்பண்ணனின் செருப்புகள் மழைச்சாரலில் நனைந்துகொண்டிருந்தன. ஒன்று மெல்லியது. ஒன்று தடித்தது.

“என்ற செருப்புத்தானுங்க. இருந்ததை எழுதிக் குடுங்க” என்றார் குப்பண்ணன்.

பிறகு கருத்தப்பாண்டி நடந்ததை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். மூட்டைக்கு எழுதும் மையில் விரல்ரேகையும் வைத்தார். தகட்டைக் கொண்டுபோகச் சொன்னார். பானைக்கு மூடி வேண்டும் என்றாள் சாந்தம்மாள். வேலுத்தாய் தன் டிபன் தட்டைக் கொடுத்தாள். “இதை எலி தள்ளும் அக்கா. மேல ஒரு கல்லை வச்சுக்கோங்க.”

கிளம்பும்போது கருத்தப்பாண்டி ஆறு தாள்களையும் மடித்துத் துணியில் சுற்றினார். பெட்டிக்குள் வைக்கும் முன் கேட்டார்.

“மத்த பக்கமெல்லாம் சரிதானே சார்?”

“சரிதானுங்க” என்றார் குப்பண்ணன்.

*

வியாழக்கிழமை மலை இறக்கத்தில் வேலுத்தாய் கேட்டாள்.

“அந்தத் திருவிழாவுக்கு எத்தனை வருசம் போயிருக்கீங்க சார்?”

“பதினைஞ்சு இருக்குமுங்க. மாமன் ஊட்டுல விருந்து.”

“செருப்பை எங்க விடுவீங்க?”

“சுவரோரமா.”

“யாரு சுவரு?”

அவர் கியரை மாற்றினார். சாணி மெழுகிய சுவர் நினைவில் இருந்தது. அதன் நிழல் நினைவில் இருந்தது. திரும்பி வரும்போது செருப்புகள் மாட்டிக்கொள்ள வசதியாக வெளிப்பக்கம் திருப்பி வைத்திருக்கும். அதுவும் நினைவில் இருந்தது. பதினைந்து வருஷமும் யாரோ திருப்பி வைத்திருக்கிறார்கள். அந்த இடத்தில் குடிசை இருந்ததா என்று தெரிந்துகொள்ள அவருக்குப் பூதக்கண்ணாடி தேவைப்பட்டிருந்தது.

“பொய் சொல்லோணும்னு எழுதலீங்க அம்மிணி.”

“தெரியும் சார்” என்றாள் வேலுத்தாய். “பொய்யா இருந்தா நான் அன்னைக்கே கண்டுபிடிச்சிருப்பேன்.”

சின்னாறு செக்போஸ்டில் ஜீப் நின்றபோது அவர் குனிந்து இரண்டு செருப்புகளையும் கழற்றினார். தகடு இருந்த பைக்குள் வைத்தார்.

“சாட்சிப் பொருள் லிஸ்ட் அடிக்கறப்ப இதையும் சேர்த்துக்குங்க. மூணாவதா.”

வேலுத்தாய் பையைப் பார்த்தாள். அண்ணன் தம்பி என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை.

*

வெள்ளிக்கிழமை. பாலக்காட்டில் அப்பீல் விசாரிக்கும் ஆபீஸின் வராந்தா சிமெண்ட் தரை. வெறுங்காலில் குப்பண்ணனின் நொண்டல் எல்லோருக்கும் தெரிந்தது.

பொங்கியண்ணன் தூணோரமாக வெள்ளை வேட்டியில் நின்றார்.

“ஏனுங் மாப்ளே, செருப்பைக் காணோம்?”

“உங்க கேஸுக்குக் குடுத்துட்டனுங்க மாமா.”

பொங்கியண்ணன் சிரித்தார். அப்போது வேலுத்தாயின் கையில் இருந்த சதுரத் தகட்டைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

“சொந்தம்னு ஒண்ணு இருக்குதுங்க மாப்ளே” என்றார் மெதுவாக.

“இருக்குதுங்க. அதையும் எழுதிக் குடுத்திருக்கறனுங்க.”

வராந்தாவின் கடைசியில் மருதாத்தாள் தரையில் உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயது. கையில் மஞ்சள் பை. வேலுத்தாய் அவள் பக்கத்தில் பேப்பரை விரித்துத் தகட்டையும் செருப்புகளையும் வைத்தாள். மருதாத்தாள் தகட்டைப் பார்க்கவில்லை. செருப்புகளைப் பார்த்தாள். கை தானாக நீண்டது. இரண்டையும் வெளிப்பக்கம் பார்க்கத் திருப்பி வைத்தாள்.

“இது எனக்குத் தெரியுமுங்க” என்றாள். “ஒண்ணு மட்டும் ஒசரம். சித்திரைத் திருவிழா நோம்பிக்கு மழை வந்தா மொதல்ல இதத்தான் உள்ள எடுத்து வெப்பேன். பாவம், நனைஞ்சு கெட்டுப்போச்சுன்னா அந்த ஆளு வேற செருப்பு போட முடியாதுல்லங்க.”

நிமிர்ந்து குப்பண்ணனைப் பார்த்தாள். வெறுங்காலைப் பார்த்தாள்.

“உங்களுதுங்களா?”

“ஆமாங்க.”

“உங்களப் பாத்த நெனப்பு இல்லீங்களே.”

உள்ளேயிருந்து குப்பண்ணன் பெயரைக் கூப்பிட்டார்கள்.

அப்பீல் அதிகாரி பழைய அறிக்கையைப் புரட்டினார். ஆறு பக்கம். மேஜை மேல் முதல் படம் இருந்தது. வலது மூலையில் பென்சிலை வைத்தார்.

“இங்கே ஒன்றுமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். என்ன இருந்தது?”

“ஊடுங்க.”

“யார் வீடு?”

“மருதாத்தாளோடதுங்க.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

கதவுக்கு வெளியே பொங்கியண்ணன் நின்றார். அவருக்குப் பின்னால் மருதாத்தாள் எழுந்து நின்றிருந்தாள்.

“பதினைஞ்சு வருசம் என்ற செருப்பு அந்தச் சுவரோரம் கிடந்துச்சுங்க” என்றார் குப்பண்ணன். “காவல் இருந்தது அவங்க.”